ஃபயர்போலுக்கு 81 கட்டம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் ஞாயிறு இதழின் மாணவர் பக்கத்தில் டஞ்சன்ஸ் அன்ட் ட்ரகன்ஸ் என்ற மேசை விளையாட்டுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டம் இது. ஆளுக்கொரு பாத்திரமேற்று, டைஸ் உருட்டி, கதையைச் சேர்ந்து நகர்த்தும் இவ்வகை ஆட்டங்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர் குறைவு என்பதால் அந்தக் கட்டுரை வரவேற்கத்தக்கதே. ஆனால் கூட வந்த படம் பிழை. விடுமுறைக்கு உவர்மலையிலும் திருக்கடலூரிலும் பிள்ளைகள் ஆட்டத்தாள் செய்யப் பிரிஸ்டல் போட் வெட்டும்போது கட்டுரையை வாசிக்க மாட்டார்கள், படத்தைத்தான் பார்ப்பார்கள். ஆகவே இந்தக் கடிதம்.

படத்தில், கட்டம் போட்ட ஆட்டத்தாளின் மேல் ஃபயர்போல் என்ற தீ மந்திரம் விழும் இடம் காட்டப்பட்டிருந்தது. நடுவில் ஒரு கட்டத்துக்குள் புள்ளி. அதிலிருந்து நாலு பக்கமும் நாலு நாலு கட்டம். ஒன்பதுக்கு ஒன்பது, மொத்தம் 81 கட்டத்துக்குச் சிவப்பு அடித்திருந்தார்கள். விதிப்புத்தகம் சொல்வதோ 20 அடி ஆரையுள்ள கோளம். தாளில் ஒரு கட்டம் 5 அடியைக் குறிக்கும். ஆரை நாலு கட்டம், விட்டம் எட்டுக் கட்டம். எட்டுக் கட்டத்துக்கு நடுக்கட்டம் என்று ஒன்று ஏது? நாலும் நாலும் எட்டுடன், புள்ளி வைத்த கட்டத்தையும் சும்மா சேர்த்துக்கொண்டதால் 40 அடி அகலம் 45 அடியாகிவிட்டது.

புள்ளியை வைக்கவேண்டிய இடம் கட்டத்தின் நடு அல்ல, நாலு கட்டங்கள் கூடும் சந்தி. 2014ஆம் ஆண்டுப் பதிப்பில், ஆட்டத்தை நடத்துபவருக்கான மாஸ்டர் புத்தகம் இதை நேரடியாகவே சொல்கிறது. கிளித்தட்டு விளையாடிய பிள்ளைக்கு விளங்கப்படுத்துவது சுலபம்: ஆட்கள் பெட்டிக்குள் நிற்பார்கள், மறிப்பவன் கோட்டில் நிற்பான். இங்கே மந்திரம் கோட்டில் நிற்கிறது, அதுவும் கோடுகள் வெட்டும் இடத்தில்.

இது திருந்தினாலும் பாதிப் பிழைதான் போகும். மீதி மூலைகளில் இருக்கிறது.

20 அடி ஆரைக்கு எத்தனை கட்டம் என்று நாலு பேரைக் கேட்டால் நாலு எண் வரும். நாலு பேரும் ஏதோ ஒரு பதிப்பின்படி சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள். குறுக்கே மூலைக்கு மூலை போனாலும் ஒரு கட்டம் 5 அடிதான் என்று எண்ணுகிறவருக்கு எட்டுக்கு எட்டுச் சதுரம், 64 கட்டம். குறுக்கே போகும் முதலாவது கட்டம் 5 அடி, இரண்டாவது 10 அடி, மூன்றாவது திரும்ப 5 அடி என்று மாறி மாறி எண்ணும் 2003ஆம் ஆண்டுப் பதிப்புக்காரருக்கும் பாத்ஃபைண்டர் என்ற இதேபோன்ற ஆட்டம் ஆடுபவருக்கும் 44. உண்மையான வட்டத்தை வரைந்து, பாதியாவது வட்டத்துக்குள் வந்த கட்டங்களை மட்டும் எடுத்தால் 52. அதே வட்டம் கொஞ்சம் தொட்டாலே சேர்த்தி என்றால் 60. இந்தத் தொடு விதி 2017இல் வந்த துணைநூலில் இருக்கிறது.

நாலு கட்ட ஆரையுள்ள வட்டத்தின் பரப்பளவு 50.3 கட்டம். பள்ளிக்கூடத்துக் கணிதம் இதற்குப் போதும். 52தான் அதற்குக் கிட்ட நிற்கிறது. நாங்கள் 52ஐயே சொல்வோம். படத்துக்கும் அதையே பரிந்துரைக்கிறோம்.

சண்டை எங்கே வருகிறது என்பதையும் கிட்ட நின்று பார்க்கவேண்டும். எட்டுக்கு எட்டுச் சதுரத்தின் ஒரு மூலைக்கட்டத்தில் கொப்ளின் என்ற குட்டிப் பூதம் ஒன்று நிற்கிறது என்று வையுங்கள். நடுச் சந்தியிலிருந்து குறுக்காக நாலு கட்டம், கட்டத்துக்கு 5 அடி, கணக்குக்கு 20 அடி. "உள்ளே" என்கிறார் மந்திரம் எறிந்தவர். ஆனால் அடிமட்டத்தை வைத்து அளந்தால் அந்தக் கட்டத்தின் கிட்டிய மூலையே 21 அடிக்கு அப்பால், நடுப்பகுதி ஏறத்தாழ 25 அடியில். வட்டம் அதைத் தொடவே இல்லை. தொட்டால் சேர்த்தி என்ற தாராளமான விதியிலும் இந்த நாலு மூலையும் தப்பிவிடும். 64க்கும் 60க்கும் இடையிலுள்ள நாலு இவைதான்.

60க்கும் 52க்கும் இடையே உள்ள எட்டுக் கட்டமே உண்மையான சச்சரவுக் கட்டங்கள். ஒவ்வொரு மூலையிலும் இரண்டு. இவற்றின் கிட்டிய மூலை 18 அடியில் வட்டத்துக்குள், நடுப்புள்ளி 21.5 அடியில் வட்டத்துக்கு வெளியே. பார்வைக்கு உள்ளே மாதிரியும் இருக்கும், வெளியே மாதிரியும் இருக்கும். ஆறுமுக டைஸ் எட்டு உருட்டும் மந்திரம், தப்புவதற்கு உருட்டும் டைஸில் வென்றாலும் பாதிச் சேதம் உண்டு. அந்த எட்டுக் கட்டத்தில் தன்னுடைய ஆள் நிற்கும்போது யாரும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

64 சதுரத்தைக் கேலி செய்யவேண்டியதில்லை. நடக்கும்போது குறுக்கே 5 அடி என்று எண்ணும் மேசையில், ஒரு சந்தியிலிருந்து 20 அடிக்குள் எண்ணக் கூடிய இடம் முழுவதும் அந்தச் சதுரம்தான். அந்த மேசையில் வட்டம் என்பதே சதுரம். சின்னப் பிள்ளைகள் முதன்முதல் ஆடும்போது அது போதும். கெட்டுப்போவது நடைக்கு ஒன்று, மந்திரத்துக்கு இன்னொன்று என்று கலக்கும்போது, அதுவும் தனக்கு வசதியானதைப் பார்த்துக் கலக்கும்போது. டைஸ் கையில் எடுக்க முன்னரே எந்த விதி என்று தாளின் ஓரத்தில் எழுதி வைத்துவிடுவது நல்லது.

இனி வெட்டும் வேலை. ஆட்டத்தின் வழக்கமான அளவு ஒரு கட்டத்துக்கு ஓர் அங்குலம், அதாவது 25.4 மில்லிமீற்றர். ஏ4 தாளில் கணக்குப்படி எட்டுக்குப் பதினொரு கட்டம் அடங்கும். ஆனால் அகலத்தில் பக்கத்துக்கு மூன்றரை மில்லிமீற்றர்கூட மிஞ்சாது. பல பிரிண்டர்கள் அவ்வளவு ஓரத்துக்கு அச்சடிக்காது. ஏழுக்குப் பத்து என்று வைத்தால் தொல்லையில்லை. போட்டோக்கொப்பிக் கடையில் கொடுக்கும்போது தாளுக்கு ஏற்றபடி சுருக்கவேண்டாம், நூற்றுக்கு நூறு அளவில் எடுங்கள் என்று சொல்லிக் கொடுக்கவேண்டும். சொல்லாவிட்டால் கணினி தன்பாட்டில் சுருக்கிவிடும். வாங்கியதும் பத்துக் கட்டத்தை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். 25.4 சென்ரிமீற்றர் வராவிட்டால் ஒட்டுவதற்கு முன் திருப்பிக் கொடுங்கள். பல தாள்களை ஒட்டிய பின் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

அச்சடிக்க வசதியில்லாதவர்கள் பிரிஸ்டல் போட்டில் 25 மில்லிமீற்றருக்கு ஒரு கோடு இழுக்கலாம். எட்டுக் கட்டத்துக்கு வித்தியாசம் 3.2 மில்லிமீற்றர்தான் வரும், ஆட்டத்துக்கு அது ஒன்றுமில்லை. 2 சென்ரிமீற்றரில் கோடு போட்டால் இடம் மிச்சம், ஆனால் கடையில் வாங்கும் பொம்மைகளின் அடித்தட்டு அதற்குள் அடங்காது. பொம்மை இல்லாதவர்களுக்கு ஐந்து ரூபாய் நாணயம் அங்குலக் கட்டத்துக்குள் அளவாகக் குந்தும். சோடா மூடி குந்தாது, பக்கத்துக் கட்டத்தையும் பிடிக்கும். பிறகு யார் எங்கே நிற்கிறார் என்பதற்கும் ஒரு வழக்கு.

வட்டத்தை அட்டையில் வெட்டினால் அழகாக இருக்கும், உபயோகம் குறைவு. நிற்கும் பொம்மைகளின் மேல் அட்டை படுக்காது. பொம்மையை எடுத்தால் திரும்ப வைத்த இடத்தைப் பற்றிய சண்டை. ஆகவே கம்பி வளையம்தான் சரி. 20 அடி ஆரைக்குச் சுற்றளவு 63.8 சென்ரிமீற்றர். முறுக்கிக் கட்ட இரண்டு சென்ரிமீற்றர் கூட வைத்து 66 வெட்டவேண்டும். 15 அடிக்கு 47.9, 10 அடிக்கு 31.9, இவற்றுக்கும் அதே இரண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். கட்டுக்கம்பி வேண்டாம். திருகோணமலைக் கடற்காற்றில் அது சீக்கிரம் துருப்பிடித்துத் தாளில் பழுப்புக் கோடு போடும். வீட்டு வயரிங்குக்குப் போடும் பிளாஸ்டிக் உறையுள்ள செப்புக் கம்பியின் மிச்சத் துண்டுகள் போதும், வளைந்த வடிவத்திலேயே நிற்கும்.

வளையம் வட்டமாக வரவேண்டுமானால் முதலில் வட்டம் வரையவேண்டும். பள்ளிப் பெட்டியிலுள்ள கவராயம் 10 சென்ரிமீற்றருக்கு விரித்தால் தள்ளாடும். பிரிஸ்டல் போட்டில் ஒரு விரல் அகலத்துக்கு ஒரு பட்டி வெட்டி, ஒரு முனையில் குண்டூசி, அங்கிருந்து 101.6 மில்லிமீற்றரில் பென்சில் நுனி நுழைய ஓர் ஓட்டை. நூலை விட இது நல்லது, நூல் இழுபடும். வரைந்த வட்டத்தின் மேல் கம்பியை வளைத்துப் பொருத்தி, முறுக்கு வெளிப்பக்கம் நிற்கும்படி கட்டுங்கள். வளையத்தின் நடுவில் குறுக்காக இரண்டு நூல் கட்டினால் நடுச்சந்தி எங்கே என்பதில் பேச்சே இராது.

பாதி உள்ளே, பாதி வெளியே என்பதைக் கண்ணால் மதிப்பிடத் தேவையில்லை. தாளில் ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் பென்சிலால் ஒரு புள்ளி குத்தி வையுங்கள். புள்ளி வளையத்துக்குள் விழுந்தால் கட்டம் உள்ளே. 10 அடி ஆரைக்கு 12 கட்டம், 15 அடிக்கு 32, 20 அடிக்கு 52 வரவேண்டும். வராவிட்டால் வளையம் நெளிந்திருக்கிறது, அல்லது சந்தியில் வைக்கவில்லை.

கூம்பைப் பற்றிக் கட்டுரை ஒன்றும் சொல்லவில்லை. அதிலும் பிழை நிறைய நடக்கிறது. 2014 விதியில் கூம்பின் அகலம், தொடங்கிய புள்ளியிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவே. 15 அடி போனால் 15 அடி அகலம். ஆகவே 15 அடிக் கூம்புக்கு அடி 3 அங்குலம், உயரம் 3 அங்குலம் உள்ள இருசமபக்க முக்கோணம் வெட்டவேண்டும். மூன்று பக்கத்தையும் 3 அங்குலமாக வெட்டுகிறவர்கள் உயரத்தில் கிட்டத்தட்ட 2 அடியை இழக்கிறார்கள். இரு சாய்பக்கமும் 8.5 சென்ரிமீற்றர் வரவேண்டும். நுனிக் கோணம் 53 பாகை. பழைய 2003 பதிப்புக்கும் பாத்ஃபைண்டருக்கும் கூம்பு என்பது கால் வட்டம், 90 பாகை. அதன் பரப்பு 7 கட்டம், இதனுடையது நாலரை. இணையத்தில் எடுத்த அச்சு எந்த ஆட்டத்துக்கு உரியது என்று பார்க்காமல் வெட்டினால் மந்திரவாதிக்குக் கொழுத்த லாபம்.

முக்கோணம் வெட்டாமல் வரிசையாகவும் எண்ணலாம்: முதல் வரிசை ஒரு கட்டம், அடுத்தது இரண்டு, அடுத்தது மூன்று. 15 அடிக்கு 6 கட்டம், 30 அடிக்கு 21, 60 அடிக்கு 78. இரண்டாவது வரிசைதான் சிக்கல். ஒரு கட்டத்துக்கு முன்னே இரண்டு கட்டத்தை நடுவில் வைக்க முடியாது, இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளித்தான் ஆகவேண்டும். எந்தப் பக்கம் என்பதை எறிகிறவர் முதலே சொல்லவேண்டும், டைஸ் விழுந்த பிறகு மாற்றக் கூடாது.

கோட்டு மந்திரங்களில் மின்னல் மந்திரமே பிரபலம்: 100 அடி நீளம், 5 அடி அகலம். நேராகப் போனால் 20 கட்டம், யாருக்கும் குழப்பமில்லை. மூலைவாட்டில் விட்டால் 5 அடிக் கணக்குக்காரர் 20 கட்டம் எண்ணுவார், அளவுநாடா 14 என்று சொல்லும். 20 எண்ணினால் உண்மை நீளம் 141 அடி. இங்கே இன்னொரு பொறி தொடு விதி. மூலைவாட்டில் வைத்த ஓர் அங்குல நாடா இரு பக்கத்துக் கட்டங்களையும் தொட்டுக்கொண்டே போகும். 14 கட்டம் ஏறத்தாழ 40 ஆகிவிடும். 5 அடிக் கோடு மூன்று கட்ட அகலத் தெருவாக மாறும். வட்டத்துக்குத் தொடு விதி வைத்தாலும் கோட்டுக்கு நடுப்புள்ளி விதியே தகும். அளப்பதற்குத் தையல்காரரின் நாடா கைகொடுக்கும். பள்ளி அடிமட்டம் 12 அங்குலத்தில் முடிந்துவிடுகிறது, தேவை 20.

கோணேசர் மலையையும் இராவணன் வெட்டையும் தாளில் வரைந்து ஆடிப்பார்க்கும் ஆசை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வராமல் இராது. வரைவதானால் வெட்டின் பாறைச் சுவர் கட்டக்கோட்டோடு ஒட்டிப்போகும்படி படத்தைத் திருப்பி வரையுங்கள். சுவர் சாய்ந்து ஓடினால் அரைக் கட்டங்கள் உண்டாகும், அவற்றில் ஆள் நிற்கலாமா என்று விதிப்புத்தகத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டிவரும். சுவருக்குப் பின்னால் நிற்பவருக்கு மந்திரம் எட்டுமா என்பதற்கு, தொடங்கிய சந்தியிலிருந்து அவரிடம் ஒரு நூலை இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் போகும் நூல் ஒன்றுகூட இல்லையென்றால் எட்டாது. 2014 ஃபயர்போலுக்கு விலக்கு உண்டு, அதன் தீ மூலை திரும்பிப் போகும்.

உயரத்தை எல்லோரும் மறக்கிறார்கள். ஃபயர்போல் கோளம், தட்டு அல்ல. தரையிலிருந்து 17 அடி உயரத்தில் வெடிக்க வைத்தால், 5 அடி ஆளின் உச்சிக்கும் மையத்துக்கும் இடையே 12 அடி. 12, 16, 20 என்ற பைதகரசின் முக்கோணத்தின்படி அந்த மட்டத்தில் தீயின் ஆரை 16 அடிதான். 21 அடிக்கு ஏற்றினால் 12 அடி. கூட்டத்தின் நடுவில் பகைவர், ஓரத்தில் நம்மவர் என்றால் இதுதான் வழி. கெட்டிக்கார மந்திரவாதிகள் தரையில் எறிய மாட்டார்கள்.

கனவடிவ மந்திரங்களுக்கு ஒரு வரி போதும். எங்கள் பாடப்புத்தகம் சதுரமுகி என்று சொல்லும் வடிவத்தில் தொடக்கப்புள்ளி நடுவில் இல்லை, ஏதாவதொரு முகத்தில். 15 அடிச் சதுரமுகி எறிகிறவர் மூன்றுக்கு மூன்றின் நடுவில் நிற்காமல், அதன் ஒரு பக்கத்தோடு ஒட்டி நிற்கவேண்டும்.

படத்தை வரைந்த ஓவியருக்கு நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். ஒன்பதுக்கு ஒன்பது என்பது வேறொரு வகைக்குச் சரி. 2024 பதிப்பில் ஆளிடமிருந்தே நாலாபுறமும் பரவும் மந்திரங்களுக்குத் தனிப்பெயர் வைத்து, அந்த ஆள் நிற்கும் கட்டத்தின் விளிம்பிலிருந்து அளக்கச் சொல்கிறார்கள். அங்கே நடுக்கட்டம் உண்டு. 15 அடி பரவினால் ஏழுக்கு ஏழு, 20 அடி பரவினால் ஒன்பதுக்கு ஒன்பது. இரண்டுக்கு இரண்டு இடம் பிடிக்கும் பெரிய உருவமென்றால் 15 அடிக்கு எட்டுக்கு எட்டு. ஓவியர் கையில் கிடைத்தது இந்த விதியாக இருக்கலாம், பெயர்தான் மாறிப் போயிற்று.

அடியில் அளந்து பழகாத பிள்ளைகளுக்கு ஒரு கட்டம் 1.5 மீற்றர் என்று எழுதலாம். ஐரோப்பிய மொழிப் பதிப்புகள் சிலவற்றில் அப்படித்தான். 20 அடி 6 மீற்றராகும், கட்டக் கணக்கு மாறாது.

அடுத்த ஞாயிறு திருத்தப்படம் போடுவதானால் ஓவியருக்குத் தேவையானது இவ்வளவே. மேலிருந்து கீழாக எட்டு வரிசை: 4, 6, 8, 8, 8, 8, 6, 4. எல்லா வரிசையும் நடுவுக்குச் சமமாக. சிவப்புப் புள்ளி நாலாவது வரிசைக்கும் ஐந்தாவது வரிசைக்கும் இடையிலுள்ள கோட்டில், எட்டுக் கட்டத்தின் சரி நடுவில்.

இங்ஙனம்,
மேசை விளையாட்டு ஆர்வலர்கள் சிலர்,
உவர்மலை, திருகோணமலை.